பம்பு அறைச் சுவரில் உன் பெயர்

மெய்ன், மார்ச் 9

அன்பு மகள் நாடினுக்கு,

இங்கே அம்மாவும் நானும் ஓரளவு சுகமாக இருக்கிறோம், யோகோசுகா கடற்படைத் தளத்தில் நீ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும். ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. என் முழங்கால் மாடிப்படி ஏற மறுக்கிறது, கப்பல் கட்டும் யார்டில் இருபத்தாறு வருடம் ஏணி ஏறியதன் பலன். அம்மா சனிக்கிழமை வேகவைக்கும் பீன்ஸ் இப்போது இரண்டு பேருக்குப் புதன்கிழமை வரை வருகிறது. யார்டில் என்னோடு வேலை பார்த்த கர்டிஸ் ஓய்வு பெற்றான், விருந்துக்கு நான் போகவில்லை. மறுநாள் கடையில் பார்த்து, என்ன புரொபசரே, கேக் தின்னக்கூட டிகிரி வேணுமா என்றான். பன்னிரண்டு வருடமாக அதே சிரிப்பு. பொறியியல் படித்தவன் நான், பிரிவுத் தலைவர் நாற்காலி போனது அவனுக்கு.

அவன் தலைவரான அந்த வருடம் நாங்கள் கட்டிய நாசகாரிக் கப்பலுக்கே உன்னை மாற்றியிருக்கிறார்களாமே. அடுத்த மாதம் பழுதுபார்க்கும்போது முன்பக்கப் பம்பு அறையில் சுவர்ல ஒட்டியிருக்கிற வெப்பத்தடுப்புப் பஞ்சைப் பிரிப்பாங்க, அப்பா எழுதின என் பேரைப் போட்டோ எடுத்து அனுப்புறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அதற்கு ஃபிரேமே வாங்கிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பெயர் அங்கே இல்லை. பஞ்சு ஒட்டுவதற்கு முன் வெறும் இரும்பில் எல்லோரும் பிள்ளைகளின் பெயரை எழுதுவார்கள். உனக்கு ஒன்பது வயது, என் பேரையும் எழுதுப்பா என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாய். அன்று மதியம்தான் கர்டிஸைப் பிரிவுத் தலைவராக அறிவித்தார்கள். பெயின்ட் பேனாவோடு இறங்கியவன், கர்டிஸின் கப்பல் மூழ்கித் தொலையட்டும் என்று எழுதிவிட்டு வந்தேன். வீட்டில் நீ கேட்டாய், எழுதினேன் என்றேன். சாபத்தையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் நீ அதில் ஏறிய நாளிலிருந்து கடற்படைச் செய்தி வந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறேன்.

மற்றவர்கள் பார்ப்பதற்கு முன் நீ போ. இடது சுவர், கதவிலிருந்து மூன்றாவது இரும்பு விலாச்சட்டத்துக்குப் பின்னால். எழுத்து உனக்கு அடையாளம் தெரியும், உன் மதியச் சாப்பாட்டுப் பைகளில் இருந்த அதே கையெழுத்து. இரும்பு தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு துரு பிடிக்காமல் இரண்டு பூச்சு ப்ரைமர் பெயின்ட் அடி, முதல் பூச்சு காயாமல் இரண்டாவதைத் தொடாதே. அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன், அந்த ஃபிரேம் மேசைமேல் காலியாக நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

கர்டிஸை மன்னித்துவிடு என்று மட்டும் பதில் எழுதாதே. நீ போகும் கடலெல்லாம் உன்னைத் தாங்கட்டும். அந்தக் கப்பலும் நன்றாக மிதக்கட்டும், கர்டிஸ் கட்டியதாகவே இருந்தாலும்.

உன் அப்பா,
டுவைட்