வலது பக்கத் துடுப்பு

கார்த்திகை 2, ஞாயிறு

இன்று முசரவாக்கம் ஏரிக்கரைக்கு வந்தவர்கள்: நான். சரிகைக் கடை ஜோஹரா. எங்கள் தெருவில் தறி நெய்யும் சங்கரி. ஐயம்பேட்டையிலிருந்து மஹாலட்சுமி. ஏரிப் பாசன சங்கத் தலைவர் ராமலிங்கம். அவர் வீட்டு நாய்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களும் நினைவில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் நான் எச்சில் இலை எடுத்திருக்கிறேன். இருக்கட்டும்.

படகு வேல மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கிறது. வெள்ளம் வந்த வருஷத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கியது. அதற்குப் பிறகு ஆடு ஏறி நிற்கத்தான் ஆனது. போன மாதம் இந்த ஊரில் ஒரு கருமாதிக்கு வந்தபோது பார்த்தேன். வீட்டுக்குப் போயும் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் பிறந்தது சதுரங்கப்பட்டினம். வீட்டுக்குப் பின்னால் உப்பங்கழி. பள்ளிக்கூடம் போனதைவிட மாமாவின் படகில் துடுப்பு போட்டதுதான் அதிகம். கல்யாணமாகி காஞ்சிபுரம் வந்த பிறகு கோயில் குளத்துப் படியில் கால் நனைத்ததோடு சரி.

முட்டி போய்விட்டது. தறிக்குழியில் இறங்கி உட்கார முடியாது. மகன் வீட்டில் என் இடம் சோபாவின் ஓரம், டிவிக்கு நேரே. படகில் காலை நீட்டி உட்காரலாம். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

படகில் இரண்டு பலகை. ஒரு பலகைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு துடுப்பு. ஒருத்தி இடது, ஒருத்தி வலது. ஆக நான்கு பேர் வேண்டும்.

ராமலிங்கம் சொன்னார்: "மீன் குத்தகை எடுக்கிறவரு இந்தப் படகக் கேட்டுக்கினே இருக்கிறாரும்மா. பொங்கலுக்கு முன்ன நீங்க நாலு பேரும் அந்தாண்ட மதகு வரைக்கும் போயி திரும்பி வந்து காட்டுங்க. சங்கத்துல பேசி உங்களுக்கே விட்டுடறேன். இல்லன்னா அவருக்குத்தான்."

ஆம்பளைத் துணை யாரும் இல்லையா என்றும் கேட்டார்.

"அவங்களக் கூப்ட்டா அவங்க ஓட்டுவாங்க. நாங்க டிபன் கட்டிக்கினு வந்து குந்திக்கினு இருக்கணும்," என்றாள் ஜோஹரா.

கார்த்திகை 4, செவ்வாய்

மகன் குமாரவேல்: "இந்த வயசுல படகாம்மா? கடையில எல்லாரும் கேக்கறாங்க." மருமகள் துர்காதேவி பழைய சுடிதார் பேன்ட் ஒன்றை என் தலையணை மேல் வைத்துவிட்டுப் போனாள். புடவைக்குள் போட்டுக்கொள்ள.

கார்த்திகை 9, ஞாயிறு

படகைத் தண்ணீரில் இறக்கவே மூச்சு வாங்கிவிட்டது. ராமலிங்கம் நான்கு ஆரஞ்சு சட்டை கொடுத்தார், மிதப்பதற்கு. போட்டுக்கொண்டோம். ஜோஹராவுக்குப் பட்டன் எட்டவில்லை. "ஷரீஃப் பிரியாணி," என்றாள். ஷரீஃப் அவள் புருஷன். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் சமைப்பார்.

சங்கரிக்குத் தறிப் பழக்கம். துடுப்பை இழுக்கும்போது இரண்டு காலையும் சேர்த்துக் கட்டையில் உதைக்க வேண்டும். அவள் மிதிகட்டையில் மிதிப்பதுபோல் ஒன்று மாற்றி ஒன்று மிதிக்கிறாள். ஒரு இழுப்பு பலம், அடுத்த இழுப்பு ஒன்றுமே இல்லை. ஜோஹரா நன்றாக இழுப்பாள், பேச ஆரம்பித்தால் கை நின்றுவிடும். என் பக்கத்தில் மஹாலட்சுமி. கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். படகு இருந்த இடத்திலேயே சுற்றியது.

கரையில் மாடு மேய்த்தவர், "இன்னாம்மா, ஏரிய சுத்தி கும்புடறீங்களா?" என்றார்.

சங்கரி என்னிடம், "தண்ணி மேல நீளத்துக்குப் பாவு நூல் ஓட்டிக் குடு பெரிம்மா. நேரா போறேன்," என்றாள்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையக் கை வரவில்லை.

கார்த்திகை 16, ஞாயிறு

புயல். யாரும் போகவில்லை. ஏரி நிரம்பிவிட்டதாம்.

கார்த்திகை 19, புதன்

மஹாலட்சுமி இனி வரமாட்டாள். போனில், "தல சுத்துதுக்கா. வீட்லயும் வேணான்றாங்க," என்றாள். இரண்டில் எது நிஜம் என்று நான் கேட்கவில்லை. நல்ல பெண். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தான்.

வலது பக்கத்துக்கு ஆள் தேடி அலைந்தேன். பூக்கடை, ரேஷன் கடை வரிசை, கோயில் பிரகாரம். திருப்பருத்திக்குன்றத்து டீச்சர் தனக்கு நீச்சல் தெரியாது என்றாள். என்னைத் தவிர எங்களில் யாருக்குத் தெரியும்? இன்னொருத்தி, "போனா எதுனா குடுப்பாங்களா?" என்றாள். காற்று கொடுப்பார்கள் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அலுத்துவிட்டது. இந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிற பெண்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒருத்திக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிடைக்கவில்லை.

கார்த்திகை 23, ஞாயிறு

கரையில் நீலாம்பாள் நின்றிருந்தாள்.

என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. என் வீட்டுக்காரர் இறந்த நாளிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சில்லை. அவள் மகன் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவள் புருஷன் சாவுக்குப் போனேன், வாசலோடு திரும்பினேன்.

ஜோஹரா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேன்கா. கோச்சுக்காத. கோச்சுக்கினாலும் படகுல ஏறிட்டு கோச்சுக்க."

மறக்கவில்லை என்பதற்காக எழுதுகிறேன். அப்போது எல்லாரும் ஒரே வீடு. கூடத்தில் தறி. கரை ஒரு வண்ணம், உடல் ஒரு வண்ணம் என்று கோர்வைப் புடவை நெய்யும்போது ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நான் இடது பக்கம், நீலாம்பாள் வலது. குறுக்கு இழையோடு என் நாடா ஓடி நின்றதும் அவள் நாடா கிளம்பும். பேச்சே வேண்டாம். அப்படி எத்தனையோ வருஷம்.

அன்று கல்யாணப் புடவை ஒன்று. முந்தி முடியப் போகிற நேரம். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து வாசல் பக்கம் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். நெய்தோம். முந்தி முடிந்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்த பிறகு சொல்கிறாள்: "அக்கா, மாமாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போயிருக்காங்களாம்."

யாருடி சொன்னது என்றேன். தெருவில் யாரோ என்றாள்.

நான் போனபோது என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

தெரிந்துகொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து நெய்திருக்கிறாள். கை நடுங்கவில்லை. ஒரு இழை தப்பவில்லை. அதுதான். அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

இன்று படகில் ஏறி இடது பக்கம் உட்கார்ந்தேன். அவள் வலது பக்கம் உட்கார்ந்தாள். படகு கைவிட்டுப் போனால் எனக்கு டிவிதான். அதனால் இறங்கவில்லை.

கார்த்திகை 30, ஞாயிறு

படகு நேராகப் போனது.

சங்கரி, "இன்னா பெரிம்மா, மோட்டார் வெச்சிட்டியா?" என்றாள். பின்பலகையில் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் இழுக்கிறோம், ஒரே நேரத்தில் விடுகிறோம். முன்பலகையில் எங்கள் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கும் அதைப் பார்த்துப் போடுவது சுலபமாக இருக்கிறது. சங்கரியின் கால்கூடச் சேர்ந்துவிட்டது.

அவள் மூச்சை எங்கே விடுவாள் என்று எனக்குத் தெரிகிறது. தெரியக் கூடாது என்று நினைத்தாலும் தெரிகிறது. இந்த உடம்புக்கு ரோஷம் இல்லை.

மார்கழி 4, வியாழன்

நீலாம்பாளும் நானும் இதுவரை பேசிய பேச்சு: இழு. விடு. பொறு.

மார்கழி 7, ஞாயிறு

சங்கரிக்கு அவசரப் புடவை. ஜோஹராவின் மகள் நாஸியா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோவில் இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படிப் போவது.

ஏரி நடுவில் காற்று. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் இளைப்பாறினோம். கேட்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கி உனக்கு யாரு சொன்னது?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"குமாருதான்கா."

எந்தக் குமாரு?

"உம் புள்ளதான். வாசல்ல நின்னுக்கினு சொன்னான். நெஞ்செரிச்சல் சித்தி, ஊசி போட்டா சரியாயிடும், அம்மாகிட்ட இப்ப சொல்லாத, வந்தா ஆஸ்பத்திரில கூச்சல் போடுவாங்க, பொடவ அறுக்கட்டும்னு. சொல்லிட்டு ஆட்டோவுல ஏறிக்கினு பூட்டான்."

பொய் சொல்லாதே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்கிறவள் முகம் எனக்குத் தெரியும். இது அது இல்லை.

இத்தனை வருஷம் ஏன்டி வாயைத் திறக்கவில்லை?

"தொறந்தா? நீ அவன் வீட்லதான் சோறு துண்ணணும். இருக்கறது ஒரு புள்ள." அவளே மேலே சொன்னாள். "நான் ஒண்ணும் யோக்கியம் இல்லக்கா. முந்திய முடிச்சிடலாம்னு எனக்கும் இருந்துது. அவன் சொன்னது எனக்கு ஒரு சாக்கு. செத்துடுவார்னு யாரு கண்டா?"

காற்று படகைக் கோரைப் புல் பக்கம் தள்ளிவிட்டது. இழு என்றாள். இழுத்தேன்.

மார்கழி 8, திங்கள்

காலையில் குமாரவேல் தட்டில் இட்லி வைத்தேன். சட்னி போதுமா என்று கேட்டேன். கை வைத்தது, வாய் கேட்டது. நான் எங்கே இருந்தேன் தெரியவில்லை.

சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகமாட்டேன் என்றபோது பக்கத்தில்தானே நின்றான். சித்தப்பா செத்தபோது என்னை வாசலோடு திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்ததே அவன்தானே. அப்பகூட சொல்லலியே. ஒரு வார்த்த. இவ்ளோ வருஷமா அந்தப் பொம்பள மேல நான் காறித் துப்பிக்கினு இருக்கறன், பாத்துக்கினே இருந்தியேடா.

கேட்கவில்லை. கேட்டால் இந்த வீட்டில் இருக்க முடியாது. மதகு வரை போய் வருவது முதலில் முடியட்டும்.

மார்கழி 14, ஞாயிறு

நான்கு பேரும் வந்தார்கள். பாதி ஏரி. முதுகு வலி.

நீலாம்பாளைப் பாதி மன்னித்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மார்கழி 21, ஞாயிறு

மதகு வரை போய்த் திரும்பிவிட்டோம்.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது எதிர்க்காற்று. முன்பலகையில் சங்கரி துடுப்பைக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. துடுப்பு தண்ணீரில் போனது. அவள் அழ ஆரம்பித்தாள். ஜோஹரா ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் படகு திரும்பிவிடும், அதனால் அவளையும் நிறுத்தச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் கரையில் ராமலிங்கம் கையை ஆட்டி ஏதோ கத்துகிறார். வேறு படகு அனுப்பவா என்று கேட்டிருப்பார். அனுப்பினால் துணை வந்ததாகிவிடும்.

"அக்கா, பொறுமையா. சின்னச் சின்னதா," என்றாள் நீலாம்பாள்.

சின்னதாக இழுத்தோம். நிறுத்தவே இல்லை. என் தோள் எரிந்தது. அவள் பக்கத்திலிருந்து மூச்சு நாய் மூச்சுபோல் வந்தது. கரை வருமா வராதா என்று நான் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பார்த்தேன். பலகைக்கு அடியில் சேறு உரசியபோதுதான் கை நின்றது.

ராமலிங்கம் படகைக் கயிற்றில் கட்டினார். பிறகு, "குத்தகைக்காரர்ட்ட நான் பேசிக்கறேன்மா. உங்க சங்கத்துக்கு இன்னா பேரு வெக்கப் போறீங்க?" என்றார். சங்கரி துடுப்பைத் தேடிக்கொண்டு கரையோரம் போய்விட்டாள். யாருக்கும் பெயர் தோன்றவில்லை. தூங்க வேண்டும்போல் இருந்தது.

தை 2, புதன்

மாட்டுப் பொங்கல். நீலாம்பாள் வீட்டுக்குப் போனேன். உள்ளே போனேன். வடை எண்ணெய் குடித்திருந்தது. சொன்னேன். "நீ சுடற வடைய விடவா?" என்றாள்.

தை 6, ஞாயிறு

கரையில் பதினோரு பெண்கள். டீச்சரும் வந்திருக்கிறாள். மஹாலட்சுமியும்தான், வீட்டில் ஒத்துக்கொண்டார்களாம், தலை சுற்றலைப் பற்றிப் பேச்சே இல்லை. இருப்பது ஒரு படகு. முறை வைத்து ஏற்றுகிறோம். சேர்ந்து நெய்த கைகள் யார் யார் என்று முதலில் கேட்டு, அவர்களை ஒரே பலகையில் உட்கார வைக்கிறேன். இல்லாதவர்களை ஜோஹரா பார்த்துக்கொள்கிறாள், பேசிக்கொண்டே.

குமாரவேலும் வந்திருந்தான். வண்டியில் புதுக் கயிறும் ஒரு டப்பா பெயின்ட்டும். ராமலிங்கத்திடம், "எங்க அம்மாதாங்க இதெல்லாம் ஆரம்பிச்சது. நான்கூட வேணாம்னேன்," என்று சிரித்தான். கரை ஒதுங்கிக் கிடைத்த துடுப்புக்குக் கயிற்றை அவனே குனிந்து கட்டினான். நல்ல முடிச்சு. தலையில் வழுக்கை அப்பா மாதிரியே விழுகிறது.

இன்று கேட்டேன். தனியாக, வேல மரத்தடியில்.

அன்னிக்கி சித்திகிட்ட வாசல்ல நின்னு இன்னாடா சொன்ன?

"என்னிக்கிமா?"

அப்பா போன அன்னிக்கி.

யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கையில் பெயின்ட் டப்பாவோடு. அப்பாவை ஆட்டோவில் தூக்கிப் போட்டது தெரிகிறதாம், அவர் செருப்பு ஒன்று தெருவிலேயே விழுந்தது தெரிகிறதாம். "சித்தி கிட்ட... பேசினனா? ஞாபகம் இல்லம்மா. ஏம்மா?"

மறைக்கவில்லை. பயப்படவில்லை. மறந்துவிட்டான். நானும் அவளும் ஒரு ஆயுளைச் சுமந்துகொண்டு இருக்கிறோம், அதை வைத்துவிட்டுப் போனவனுக்கு வைத்ததே ஞாபகம் இல்லை.

ஒன்றும் இல்லை என்றேன். படகில் ஏறினேன். நீலாம்பாள் என் முகத்தைப் பார்த்தாள். வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

துடுப்பு போடும்போது முதுகுதான் போகிற பக்கம் இருக்கும், முகம் கரையைப் பார்த்து இருக்கும். அவன் கரையில் நின்று கை ஆட்டினான். வெகு தூரம் போகும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தான், நானும் பார்த்துக்கொண்டேதான் போனேன். நல்ல பிள்ளை. மருந்து வாங்கித் தருகிறான், மரியாதையாகப் பேசுகிறான், இன்று ராத்திரியும் அவன் வீட்டில்தான் சாப்பாடு.

நீலாம்பாளிடம் மீதிப் பாதியும் தீர்ந்துவிட்டது. இனி மன்னிக்க முடியாத ஆள் எனக்கு ஒருத்தர்தான்.

குமாரவேல்.