உன் கபுறுக்குள் நான் இறங்காத காரணம்

என் உயிர் மச்சான் ஹனீபாவுக்கு,

உனக்கு என் ஸலாம். நீ அடங்கியிருக்கிற மையவாடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அங்கே கிடக்கிற எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இன்றைக்கு உனக்கு மட்டும் தனியாக ஒன்று. மச்சான், நான் மறுபடியும் நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுகிறேன். ஆற அமர ஓதிவிட்டு, எதையும் பிடிக்காமல் எழும்புகிறேன். இதில் என்ன புதினம் என்று கேட்பாய். கேள், சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாம், நீ என் தங்கச்சி ஸுபைதாவைக் கட்டிய பிறகு மரியாதைக்கு ஒருவரை ஒருவர் ‘நீங்க’ போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தோம். மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அவ்வளவு ஒட்டாக இருந்த உன்னிடம் நான் ஒரு வருஷமாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எனக்குத் தலைச்சுற்று வந்தது, மச்சான். முதல் தரம் வந்தது என் துணிக்கடையில். ஏறாவூரில் இருந்து வந்த ஒரு பெண் மேல் தட்டில் இருந்த பச்சைத் துணியைக் கைகாட்டினாள். அண்ணாந்து கையை நீட்டினேன். அவ்வளவுதான்! தட்டு, துணி, மின்விசிறி, அந்தப் பெண் எல்லாம் ஒரே பக்கமாக ஓடத் தொடங்கின. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். அரை நிமிஷத்தில் சுற்றல் நின்றது, வியர்வை மட்டும் நிற்கவில்லை.

“என்ன காக்கா, பசியா?” என்று கூடப்பிறந்த தங்கச்சி மாதிரிக் கேட்டாள்.

“நோன்பு புள்ள” என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“செவ்வாய்க்கிழமை என்ன நோன்பு காக்கா?” என்று அவள் சிரித்தாள். எனக்கும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

பிறகு படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் வந்தது. அதற்குப் பிறகு சுஜூதில் வந்தது. நீ என் இடப்பக்கம், தோளோடு தோள். நெற்றி தரையில் பட்டதும் விரிப்பின் கோடுகள் எல்லாம் ஓடின, பள்ளிவாசலே கவிழ்கிற மாதிரி இருந்தது. படைத்தவனுக்கு முன்னால் தலையைத் தாழ்த்துகிற இடத்தில் இப்படி ஆகிறதே, நான் என்ன பாவம் செய்தேன் என்று நடுங்கிப்போனேன். எத்தனை பேருக்கு எத்தனை கிழிசல் துணியை நல்ல துணி என்று விற்றேன் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன், போ.

ஏலாதவன் தரையில் குனியாமல் கதிரையில் உட்கார்ந்தே தொழலாம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பின்வரிசையில் கதிரை போட்டுத் தொழுத ஒருவருக்குக் ‘கதிரை ஹாஜியார்’ என்று பெயர் வைத்தது யார்? நீயும் நானும்தானே. அந்தப் பெயரை இப்போது எனக்கு வைத்தால்? அதை நினைத்துத்தான், நம் பள்ளியை விட்டு, கடைத்தெருவுக்கு அங்கால் என்னை யாருக்கும் தெரியாத வேறொரு பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். அங்கே ஓர் ஓரமாகக் கதிரை போட்டுத் தொழுதேன்.

காத்தான்குடியில் ஒருவன் வியாபாரத்தை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், பள்ளியை மட்டும் சும்மா மாற்றிவிட முடியுமா? நிர்வாகத்தோடு சண்டை என்றார்கள். நோன்புக் கஞ்சி விஷயத்தில் கோபம் என்றார்கள். ஒருவர் என் மனைவி பரீதாவிடமே வந்து, “ஹாஜியார் கொள்கை மாறிட்டாரா?” என்று கேட்டாராம். கடைசியில் நீயே கடைக்கு வந்தாய்.

“டேய், நம்மட பள்ளியில என்னடா குறை? ஆரோடயும் கோவமா?”

“கோவம் ஒண்டுமில்ல மச்சான். கடைக்குக் கிட்ட இரிக்கி, அதான்.”

“முப்பது வருசமா இந்தக் கடை எங்க இருந்த?” என்று கேட்டாய். நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். நீ பைக்கை உதைத்துக்கொண்டு போனாய். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? முதலில் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்து முடித்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டொக்டரிடம் போயிருப்பாய். தெரிந்துகொண்டேதான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்ன மனுஷன் நான்?

அதற்குப் பிறகு நீ போய்விட்டாய். விடியக்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து, ஸுபைதாவிடம் தேத்தண்ணி கேட்டு, அது ஆறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். உன் ஜனாஸாத் தொழுகையில் நான் முதல் வரிசையில் நின்றேன். நின்றபடியே தொழுது முடிக்கிற தொழுகை அது, குனிய வேண்டியதில்லை. நம் பள்ளியில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பயமில்லாமல் நான் தொழுத தொழுகை உனக்கான தொழுகைதான்.

மையவாடியில் உன்னைச் சுமந்து வந்த சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். மையித்தைக் கபுறுக்குள் இறங்கி வாங்கி வைப்பது நெருங்கின ஆண்களின் உரிமை. உன் மகன் ரிஸ்வான் இறங்கி நின்று, மேலே பார்த்து என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, நீங்க தலைப் பக்கம் இறங்குங்க.”

நான் கபுறைக் குனிந்து பார்த்தேன். பார்த்ததுமே சுற்றியது. பக்கத்தில் நின்ற வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இறங்கி, குனிந்து, உன்னைக் கையில் வாங்கும்போது சுற்றினால்? உன்னைக் கீழே போட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் வாய் தானாகப் பேசியது.

“கால் ஏலாது மகன். வேற ஆரயும் இறக்குங்க.”

அவன் என்னைப் பார்த்த பார்வை! அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே காலால் உன் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்தவன் நான். வேறு யாரோ இறங்கினார்கள். மூன்று பிடி மண் போடக்கூட நான் குனியவில்லை. யாரோ அள்ளிக் கையில் தந்த மண்ணை நின்றபடி போட்டேன். உன்னை மண்ணில் வைத்த கைகளில் என் கை இல்லை, மச்சான். யார் முதலில் போனாலும் மற்றவன்தான் மண்ணில் வைக்க வேண்டும் என்று நாம் இருவரும் எத்தனை தரம் விளையாட்டாகப் பேசியிருப்போம்.

ஊர் சும்மா இருக்குமா? பள்ளி மாறினவன் மச்சானின் கபுறுக்குள்ளும் இறங்கவில்லை, இரண்டு பேருக்கும் பெரிய மனஸ்தாபம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரிஸ்வானும் அப்படித்தான் நினைத்தான். நான் வீட்டுக்குப் போனால், “வாங்க மாமா” என்று சொல்லிவிட்டு, பாசிக்குடாவில் ஹோட்டல் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவான். வெள்ளிக்கிழமை லீவு நாளிலும் அவனுக்கு நேரமாகிவிடும்.

“காக்கா, உங்களுக்கும் அவருக்கும் என்னதான் நடந்த?” என்று ஸுபைதா அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அது உண்மை. ஆனால் அதற்குள் என் உண்மைக்கும் பொய்க்கும் ஒரே மரியாதைதான்.

வீட்டுக்குள் மட்டும் தலைச்சுற்றை ஒளிக்க முடியவில்லை; வெளியே சொல்லக் கூடாது என்று பரீதாவின் வாயையும் மகளின் வாயையும் கட்டினேன். பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. தண்ணீர் ஓதிக் குடித்தேன், மனசு கொஞ்சம் ஆறியது, தலை ஆறவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்துக் குடித்து என் வியர்வையே ரசம் மணத்தது. நான் பைக் ஓட்டக் கூடாது என்று மகள் அதன் திறப்பைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கடைசியில் ஒரு காலையில் கட்டிலை விட்டு எழும்பும்போது விழுந்து, புருவத்தில் தையல். தைத்த இளம் டொக்டர்தான் விசாரித்துவிட்டு, மட்டக்களப்பில் காது பார்க்கிற டொக்டரிடம் போகச் சொன்னார். தலை சுற்றுக்குக் காது டொக்டரா, வயிற்றுவலிக்குப் பல் டொக்டரிடம் அனுப்புவாரோ என்று பரீதாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் காதிலேயே விழாத மாதிரி ஆட்டோவைக் கூப்பிட்டாள். கல்லடிப் பாலத்தில் வாவித் தண்ணீரைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு போனேன்.

டொக்டர் ஒரு பெண், என் மகள் வயதிருக்கும். “படுக்கையில புரளக்குள்ள தலை கிறுகுதா ஐயா?” என்றுதான் முதலில் கேட்டார். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி! ஓம் என்றேன். அண்ணாந்தால்? ஓம். குனிந்தால்? “ஓம் டொக்டர், சுஜூதுக்குப் போனா பள்ளியே கவிழுது” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார். தலை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. உலகம் சுற்றியது பார், யா அல்லாஹ்!

“கண்ண மூடாதீங்க. சுத்தட்டும். நான் பிடிச்சிருக்கன்” என்றார். என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றல் நின்றதும் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். பிறகு உடம்போடு புரட்டி, மூக்கு தரையைப் பார்க்க வைத்தார். பிறகு எழுப்பி இருத்தினார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிஷம். காதுக்குள்ளே மிகச் சின்னத் துகள்கள் இருக்குமாம்; அவை தம் இடத்தை விட்டு வேறு குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையைச் சாய்க்கும்போதெல்லாம் உருண்டு இந்தக் கூத்துக் காட்டுமாம். தலையை அந்த ஒழுங்கில் திருப்பினால் பழைய இடத்துக்குப் போய்விடுமாம்.

“இவ்வளவு நாளும் என்ன ஐயா செஞ்சீங்க?”

“ஒளிச்சுத் திரிஞ்சன் டொக்டர்” என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து நிமிஷ வேலை, மச்சான். அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் உன் கடைசி ஒரு வருஷத்தை இழந்தேனா?

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அடுத்த கிழமையும் போனேன், டொக்டர் இன்னொரு தரம் தலையைத் திருப்பினார். சில நாள் படகில் நிற்கிற மாதிரி ஒரு தள்ளாட்டம் இருந்தது. பிறகு அதுவும் போனது. சுற்றல் மறுபடியும் வரலாம், வந்தால் பயப்படாமல் தன்னிடம் வாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். நான் இப்போது கடைக்கு வருகிற எவராவது தலை சுற்றுகிறது என்றால் விடுவதில்லை. படுக்கையில் புரளும்போதா, நிற்கும்போதா என்று விசாரணை நடத்துகிறேன். பேச்சுக் குழறினால், கை கால் விழுந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால் ஒரு நிமிஷமும் நில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு, அது வேறு வருத்தம், ஆபத்தான நோய் என்றும் டொக்டர் சொன்னபடியே சொல்கிறேன். “நீங்க துணிக்கடைக்காரரா, டொக்டரா?” என்கிறாள் பரீதா. இரண்டும்தான் என்கிறேன்.

சுகம் கண்ட கையோடு ரிஸ்வானிடம் போனேன். கதிரை, பள்ளி, வேப்பமரம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “அண்டைக்குக் கால் வலி எண்டீங்க மாமா” என்றான். நான் மறுபடியும் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினேன். “சரி மாமா” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா? ஒரு பொய்யனின் இரண்டாவது கதையை யார் உடனே நம்புவார்கள்?

போன மாதம் உன் அடுத்த வீட்டு மீரான் காக்கா மௌத்தானார். பிள்ளைகள் இல்லாத மனுஷன். அக்கம்பக்கத்தார்தான் எல்லாம் செய்தோம். கபுறடியில் ஒருவர் இறங்கியிருந்தார், இன்னொருவர் வேண்டும் என்றார்கள். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுற்றல் நின்று மாதக்கணக்காகியும் அந்தப் பயம் மட்டும் போகாமல் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினேன். பிஸ்மி சொல்லி இறங்கினேன்.

அண்ணாந்து பார்த்தேன். மையித்தைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றது ரிஸ்வான். என்னைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டான்.

“மாமா, தலைப் பக்கம் நீங்க பிடிங்க” என்றான்.

வானம் இருந்த இடத்தில் இருந்தது. அவன் முகம் இருந்த இடத்தில் இருந்தது. ஒன்றும் ஓடவில்லை. இரண்டு கையாலும் வாங்கினேன். குனிந்து மெல்ல வைத்தேன், முகத்தைக் கிப்லாத் திசைக்குத் திருப்பினேன், சுற்றியிருந்த துணியின் தலைப் பக்கத்து முடிச்சை அவிழ்த்தேன். நிமிர்ந்தபோது ரிஸ்வான் கையை நீட்டிக்கொண்டு இருந்தான். அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினேன்.

எல்லாரும் போன பிறகும் அவன் என் கையை விடவில்லை. மையவாடி வாசல் வரை கூடவே வந்தான்.

“மாமா, அண்டைக்கு ஏலுமாயிருந்தா வாப்பாவ நீங்கதானே வெச்சிருப்பீங்க?”

“ஓம் மகன். வேற ஆரயும் விட்டிருக்கமாட்டன்.”

அவன் என் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். ரோட்டில் போகிறவர்கள், மீரான் காக்காவுக்கு இவ்வளவு நெருங்கின சொந்தமா என்று பார்த்துக்கொண்டு போனார்கள். அன்று பகல் அவன் எங்கள் வீட்டில்தான் சோறு தின்றான். எத்தனை மணிக்கும் அவனுக்கு நேரமாகவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இனி என் உடம்புக்கு என்ன வந்தாலும், அது எவ்வளவு வெட்கக்கேடாக இருந்தாலும், அன்றைக்கே வாயைத் திறந்து சொல்வேன். முதலில் உன் மகனிடம் சொல்வேன். என்னை மண்ணில் வைக்கப்போகிற கைகள் அவனுடையவை. அந்தக் கைகளிடம் எனக்கு இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

உன்னை மண்ணில் வைக்க முடியாமல்போன உன் மச்சான்,
உன் பிள்ளைகளின் தாய்மாமன்