கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

2007 மே 6, ஞாயிறு

காலையிலிருந்து கரண்ட் இல்லை. வத்தல் காயப்போட்டதோடு சரி. சாயங்காலம் ஏஞ்சல் அஸ்தினாபுரத்திலிருந்து வண்டியில் வந்தாள், கையில் ஒரு சிடியோடு. எடுபுண்டு — பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே செய்த லினக்ஸ், இலவசம். "பென்குயின் வெச்சு படம் வரையலாம், கணக்கு, டைப்பிங் எல்லாம் இருக்குக்கா. நம்ம ஸ்கூல்ல சும்மா கிடக்கிற எட்டு சிஸ்டத்துலயும் போட்டுடலாம்." ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் நான் மேடம். இவளுக்கு மட்டும் அக்கா.

கரஸ்பாண்டன்ட் தெளிவாகச் சொல்லிவிட்டார். விண்டோஸ் வாங்க வழியில்லை. இது ஓடினால் சின்ன வகுப்புகளுக்கு லேப் உண்டு, அதற்கு டீச்சர் ஏஞ்சல். ஓடாவிட்டால் அவளுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிந்தது. ஓடுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். சீனியராம்!

மே 9

லேப் சாவி ஆபீஸில். ஜூன் வரை திறக்க மாட்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நேராகப் போட்டு இவருடைய பைல்கள் போய்விட்டால் யார் பதில் சொல்வது? அதனால் வர்ச்சுவல் மெஷின் — விண்டோஸுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் இன்னொரு கம்ப்யூட்டர். எவ்வளவு மெமரி தரலாம் என்று கேட்டது. என்னிடம் இருப்பது 512 எம்பி. அதற்கு 128 கொடுத்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது திக்கக் கூடாதே.

பென்குயின் வருவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது. கோடு இழுத்தால் நிதானமாக அப்புறம் வருகிறது. சே!

மே 10

இன்றும் அதே ஆமை வேகம்.

மே 14, திங்கள்

சொல்லிவிட்டேன். "ரொம்ப ஸ்லோ சார். பசங்க உக்கார மாட்டாங்க."

"நீங்க சொன்னா சரி மேடம்" என்று கரஸ்பாண்டன்ட் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஏஞ்சல் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "பரவால்லக்கா. நீங்க பாத்தா சரியாத்தான் பாத்திருப்பீங்க."

நான் பொய் சொல்லவில்லையே? ஸ்லோ என்றால் ஸ்லோதான். பின்னே ஏன் மாடம்பாக்கம் பஸ்ஸில் வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது? இன்டர்வெல்லில் பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொண்டு நிற்கும். என்னைப் பார்த்தால் கலைந்துவிடும். அதுவா? சீச்சீ. எழுதவே கூசுகிறது.

ஜூன் 11

எட்டு கம்ப்யூட்டரும் காயலான் கடைக்குப் போய்விட்டன. அந்த அறையில் இப்போது எல்கேஜி. ஏஞ்சல் திருமுடிவாக்கத்தில் ஏதோ கம்பெனியில் பில் போடுகிறாளாம்.

ஜூலை 1, ஞாயிறு

ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று அந்த வர்ச்சுவல் மெஷினை அழிக்க உட்கார்ந்தேன். அழிக்கும் முன் என்னமோ தோன்றி, பாட்டு, மெயில் எல்லாவற்றையும் மூடிவிட்டு 256 கொடுத்துப் பார்த்தேன்.

ஓடுது. நல்லாவே ஓடுது. கை போற இடத்துக்கெல்லாம் கோடு கூடவே வருது.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். ஸ்கூல் சிஸ்டம் ஒவ்வொண்ணுலயும் 256 இருந்துச்சே. எனக்குத் தெரியுமே, ஸ்டாக் எடுத்ததே நான்தானே! ஒரே ஒரு தடவை கூடுதலா கொடுத்துப் பாத்திருக்கக் கூடாதா? பாக்கத் தோணலையா — பாக்கப் பிடிக்கலையா?

ஜூலை 15, ஞாயிறு

ஏஞ்சல் வந்தாள். கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய சிஸ்டம் ஒன்றைக் கொடுத்தார்களாம். ஸ்கூலில் இருந்த அதே ரகம், 256தானாம். "அந்த சிடி இருக்காக்கா? ஸ்லோவா இருந்தாலும் பரவால்ல. எங்க தெரு பசங்க ஆசையா கேக்குதுங்க."

சிடி மேஜை மேலேயே இருந்தது. காணோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன். காபி குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18

போட்டுப் பார்த்திருப்பாளா?

ஜூலை 22, ஞாயிறு

தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஏஞ்சல் எதிரே வந்தாள். ஒதுங்கவும் இடமில்லை.

"போட்டியா ஏஞ்சல்?" என்றேன். வேறென்ன கேட்பது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி.

"போட்டேன். நல்லா ஓடுது, மேடம்."

சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கமாகப் போய்விட்டாள். "இன்னாம்மா, கீரைய எடுக்காம நின்னுகினே கீற?" என்றாள் கீரைக்காரி.