நாலிலிருந்து நாலரை வரை

12 ஜூலை 2004

மூன்றாம் கேட் இன்றும் சிவப்பு. சரியாக நாலு மணிக்கு. கன்டெய்னர் யார்டில் இருக்கும் பதினோரு நெட்வொர்க் பெட்டிகளுக்கும் என் கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் கொடுக்கும். பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அதே சிவப்பு ஹைதராபாத் ஆபீஸிலும் தெரியும். உடனே போன் போட்டு என் உயிரை எடுப்பார்கள்.

13 ஜூலை

எண்ணூர் வெயிலில் அந்தப் பின்பக்கத்துக் கேட் வரை நடந்தேன். லாரி வராத கேட். ஈ காக்கை இருக்காது. வாட்ச்மேன் அப்பாவு நைனா மட்டும். எங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரர். பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே பாயிண்டில் ஹீட்டர் காயிலைச் சொருகி டீத் தண்ணீர் வைத்திருக்கிறார்!

"ஒரு பாயிண்டுதான் கீது மங்கை, நான் இன்னா பண்றது? மேல சொல்லிடாதம்மா. காண்ட்ராக்டர் நாளைக்கே தொரத்திடுவான்."

திட்டினேன். டீயும் குடித்தேன்.

14 ஜூலை

மூன்றாம் கேட்டுக்குத் தினமும் நாலிலிருந்து நாலரை வரை 'பராமரிப்பு' என்று போட்டுவிட்டேன். அந்த அரைமணி நேரம் பெட்டி செத்தாலும் அலாரம் அடிக்காது, புள்ளி சாம்பல் நிறத்தில் கிடக்கும். நைனா வேலை தப்பித்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

2 ஆகஸ்ட்

நிம்மதி. ஒரு போன் இல்லை.

19 ஆகஸ்ட்

எழுத வரவில்லை.

21 ஆகஸ்ட்

எழுதித்தான் ஆகவேண்டும்.

பதினெட்டாம் தேதி, நாலு மணிக்குச் சாம்பல். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலரைக்குச் சிவப்பு. 'இன்னா நைனா, இன்னுமா டீ' என்று சலித்துக்கொண்டேன். கேட் போனை அடித்தேன், எடுக்கவில்லை. நடந்துதான் போனேன் — ஓடவில்லை. முந்தின ராத்திரி மழை, கேபின் தரையெல்லாம் ஈரம். கையில் காயிலோடு கிடந்தார். மெயினை அணைத்துவிட்டுத்தான் தொட்டேன். அதற்குள்...

"உடனே பாத்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் பெட்டி உடனே சொல்லியிருக்கும். அதன் வாயைப் பொத்தியது யாரு? நாந்தானே! ஐயோ, நாந்தானே!

24 ஆகஸ்ட்

அவர் மனைவி செல்லம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் மொதல்ல ஓடியாந்தியாமே கண்ணு. நீ இல்லாங்காட்டி இன்னும் எம்மா நேரம் கெடந்திருப்பாரோ. நல்லா இரும்மா."

தலையை ஆட்டினேன். ஆட்டினேனே, பாவி.

25 ஆகஸ்ட்

'பராமரிப்பை' நீக்கினேன். பத்து விநாடி வேலை.

4 அக்டோபர்

ஹைதராபாத்திலிருந்து மெயில். செப்டம்பர் முழுக்க மூன்றாம் கேட் நூறு சதவீதம் பச்சையாம், மங்கைக்குப் பாராட்டாம். மேனேஜர் சுப்புராஜ் எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

5 அக்டோபர்

வேலை முடிந்து நேரே செல்லம்மாக்காவிடம் போனேன். சொல்லிவிட்டேன். அலாரத்தை நான் நிறுத்தியது, அந்த அரைமணி நேரம், மெதுவாக நடந்து போனது — எல்லாம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அவரு வேல போவக்கூடாதுன்னுதான பண்ண" என்றார். அவ்வளவுதான், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுவாத. எய்ந்து போ. இனிமே என் வாசல்ல நிக்காத."

கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் வீடு அதே படிக்கட்டில், இரண்டாவது மாடி. காலையும் மாலையும் அந்த வாசலைத் தாண்டித்தான் போயாகவேண்டும்.