சத்தம் முப்பத்தெட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

உன் எதிர்வீட்டுக்காரி எழுதுவது. உன் அப்பாவுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரைக்கும் நடந்தார் என்று நீ சொன்னதும் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் காய் நறுக்குவாய். மெசேஜ் அனுப்பினால் அது உங்கள் டேப்லெட்டிலும் வந்து விழும். உன் மகள் அதைச் செய்தி வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். எனக்கு மூலத் தொந்தரவு என்று உனக்கு மட்டும் அனுப்பியதற்கு உன் அப்பா வைத்தியம் சொல்லி அனுப்பினாரே, அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் காகிதம். இதை முதலில் நீ மட்டும் படி. உன் வீட்டுக்கார அண்ணனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் வீடு பத்திரம். தினமும் பூட்டைத் திறந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒரு செடி மட்டும் நீ இல்லை என்று கோபித்துக்கொண்டு இலையெல்லாம் உதிர்த்துவிட்டது. ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்த்தேன், திட்டாதே. அரை எலுமிச்சம்பழம் பூசணம் பூத்துக் கிடந்தது, எறிந்துவிட்டேன்.

நீ இல்லாததால் எங்கள் டிவியைக் குறைக்கச் சொல்லிக் கத்த ஆளில்லை. உங்க வீட்டு சீரியலை எங்க வீட்டுல உக்காந்தே கேட்டுக்கிறேன், எனக்குக் கரண்ட் மிச்சம் என்பாயே. நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் பாதி பொய்.

சத்தத்தைக் கூட்டினால் திரையில் கீழே ஒரு எண் வரும் இல்லையா, அதை நான் வெகு நாளாகப் பார்த்துக்கொண்டே வருகிறேன். டிவி வாங்கிய புதிதில் பதினாலில் வைத்தால் சமையலறை வரைக்கும் கேட்கும். மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது எட்டு. போன வருஷம் இருபத்திரண்டு ஆனது. இந்த வருஷம் பிறக்கும்போது முப்பது. இப்போது முப்பத்தெட்டு. நான் குறைத்துவிட்டுப் போவேன். என் வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடி எடுத்துக் கூட்டுவார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

பேசாமலே எத்தனை பழக்கம் வந்துவிட்டது தெரியுமா? படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிற மாதிரி மகள் வைத்துக் கொடுத்தாள், பாஷை கத்துக்கலாம்ப்பா என்று. எங்கள் தாய்மொழிப் படத்துக்கும் எழுத்து ஓடுகிறது. அதில் என்ன பாஷை கற்பது? அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் லைட்டை அணைத்து அணைத்துப் போடுகிறாள். நான் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நின்றுதான் பேசுகிறேன். ஏதாவது அவர் காதில் விழவில்லையென்றால் என் தையல் மிஷின்மேல் பழி போடுவோம். அந்த மிஷின் என்ன பாவம் செய்தது?

குக்கர் கதை உனக்கே தெரியும். நான் தைத்துக்கொண்டிருக்கும்போது மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைப்பது அவர் வேலை. நாலு தடவை அடிப்பிடித்தது. கேஸ்கட் சரியில்லை என்று இரண்டு தடவை மாற்றினேன். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்.

போன் வந்தால், யாராக இருந்தாலும் ஆமா ஆமா, சரி சரி. என் அக்கா கூப்பிட்டு, அத்தானை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம் என்று அழுதிருக்கிறாள். இவர் சிரித்த முகத்தோடு ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் ஏதோ யோசனையில் இருந்தார் என்று நானே சப்பைக்கட்டு கட்டினேன்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். காது மந்தமானால் என்ன, எத்தனையோ குடும்பம் சமாளிக்கிறது. ஆனால் இவர் கிரேன் ஓட்டுகிறவர். கீழே நிற்கிறவர் உன் வீட்டுக்காரர்.

கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொன்ன அன்றைக்கு நாம் இருவரும் கிரேன் நிற்கிற அந்த யார்டைப் பார்த்தோமே. அவர் உச்சியில் கண்ணாடி அறைக்குள்ளே. அண்ணன் கீழே மஞ்சள் ஹெல்மெட்டோடு. இரும்புத் தகட்டுக் கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு அண்ணன் கை காட்டினால் இவர் தூக்குவார். கட்டு நடுவில் வந்து மறைத்தால் கை தெரியாது, அப்ப விசில்தான், ஒரு விசில் அடிச்சா அப்படியே நிக்கணும் என்று அண்ணன் பெருமையாக விளக்கினார். விசிலுக்கு இவ்வளவு பணிவா, இரு, உனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேன், வீட்டுல வச்சுக்கோ என்று நீ என்னைக் கிண்டல் பண்ணினாய்.

போன வியாழக்கிழமை, லீவில் இருக்கிற அண்ணனுக்குப் பதிலாக நின்றவர் விசில் அடித்திருக்கிறார். கட்டு நிற்கவில்லை. கீழே இருந்த தள்ளுவண்டி நசுங்கிவிட்டது. அவர் துள்ளி விலகியதில் உயிர் தப்பினார், ஷூவின் முனை மட்டும் கிழிந்ததாம். இவர் வீட்டுக்கு வந்து, அந்தாளு விசிலே அடிக்கல என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ஆபீசிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மனுஷனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். தான் அடித்ததாக அவர் கெஞ்சியிருக்கிறார், யாரும் நம்பவில்லை. இதில் எனக்குப் பொறுக்க முடியாதது என்ன தெரியுமா, என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவில்லை, அதனால் அடிக்கவில்லை என்று மனசார நம்புகிறார்.

சனிக்கிழமை உன் வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது, கதவுக்குப் பின்னால் சாவி மாட்டுகிற ஆணியில் அண்ணனுடைய இன்னொரு விசில் தொங்குவதைப் பார்த்தேன், மஞ்சள் கயிறு போட்டது. உன்னைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

மதியம் இவர் மேசைமேல் மிக்ஸியின் பிளக்கைப் பிரித்துப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை. என் பக்கம் முதுகு. நாலடி தூரத்தில் நின்று மெதுவாக ஊதினேன். திரும்பவில்லை. கொஞ்சம் பலமாக ஊதினேன். ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு என்ன வந்ததோ எனக்கு, மூச்சைப் பிடித்து என் காதே அடைத்துப்போகிற மாதிரி ஊதினேன். மேல்மாடி டியூஷன் டீச்சர் என்னமோ ஏதோ என்று கீழே ஓடிவந்தார். பின்னாலேயே நாலு பிள்ளைகள். இவர் வாசலில் அவர்களைப் பார்த்துவிட்டு, வாங்க டீச்சர், உக்காருங்க, என்ன விஷயம் என்று சிரித்த முகத்தோடு கேட்கிறார். விசில் இன்னும் என் வாயில் இருக்கிறது.

டீச்சர் அவருக்குப் பின்னால் நின்ற என்னைக் கையைக் காட்ட, அப்போதுதான் திரும்பினார். எதையோ சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன். அவர் என் கையிலிருந்து விசிலை வாங்கி, கயிற்றைத் தடவிப் பார்த்தார். யாருடையது என்று தெரிந்துவிட்டது. பிறகு தன் வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்ப ஊதினார். வீடே அதிர்ந்தது. ஊதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, இது வேலை செய்யுதா என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தப் பிளக்கின் ஸ்குரூவை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனுஷன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு பேசினார். இன்னும் ரெண்டே வருஷம், பொண்ணு படிப்பு முடியட்டும், நானே கீழே இறங்கிடுறேன், கண்ணு நல்லா இருக்கு, கண்ணை வச்சே ஓட்டிடுவேன், யார்கிட்டயும் சொல்லாதே என்றார். நான் சரி என்றேன். சரி என்றது மட்டுமில்லை, டிவியைப் போட்டு, ரிமோட்டை நானே எடுத்து முப்பத்தெட்டில் வைத்துக் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு உன் முகத்தில் விழிக்க முடியாது. போன வருஷம் கம்பெனியில் காது பரிசோதனை வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்களாம். பரிசோதிக்கிறவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அவர் கை அசைவது அதில் தெரிந்ததாம். கை அசையும்போதெல்லாம் இவர் அழுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, எப்படி பாஸ் பண்ணினேன் பாத்தியா என்று சொல்லிச் சிரித்தார். கெட்டிக்காரத்தனம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு நான் சிரிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஒருத்தர் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

சனிக்கிழமையிலிருந்து இன்று புதன் வரைக்கும், அவர் வேலைக்குப் போய்த் திரும்புகிற நேரம் வரை என் உயிர் என்னிடம் இல்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்திருக்கிறேன்.

நான் உன்னிடம் கேட்க வந்தது இதுதான். அண்ணன் லீவு முடிந்து வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டும். வர வேண்டாம். அப்பாவைக் காரணம் சொல்லி இன்னும் பத்து நாள் அங்கேயே இருக்கச் சொல். கொக்கிக்குக் கீழே அண்ணனை நிற்க விடாதே. அதற்குள் நான் நல்ல வார்த்தை சொல்லி இவரை ஒரு வழிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

இந்த இடத்தில் நிறுத்தி, மேலே எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தத் திங்கட்கிழமையிலிருந்தே அங்கே வேறு ஒருவர் நிற்கிறாராம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், இந்நேரம் அவருக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அந்த மனுஷன் கீழே நின்று விசில் அடித்துக்கொண்டிருப்பார்.

இப்போது மணி பன்னிரண்டேகால். இவருக்கு மதிய ஷிப்ட், ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். உள்ளே ஒரு சின்னத் தூக்கம் போட்டுக்கொண்டிருக்கிறார். டிபன் பாக்ஸ் மேசைமேல் தயாராக இருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இதை முடித்ததும் போய்த் தோளைத் தொட்டு எழுப்பப் போகிறேன். சூப்பர்வைசரிடம் நீங்களே சொல்கிறீர்களா, நான் கூட வந்து சொல்லட்டுமா என்று கேட்கப் போகிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கவும் சொல்வேன். கத்துவார். பெண் படிப்பு என்ன ஆகும் என்பார். எனக்கு மட்டும் பதில் தெரியுமா? ராத்திரியும் மிஷின் ஓட்டுவேன், வேறு என்ன செய்வது?

அதனால் மேலே கேட்டதை அடித்துவிடு. அண்ணன் எப்போது வர வேண்டுமோ அப்போது வரட்டும். அவருக்கு ஒரு ஆபத்தும் வராமல் பார்த்துக்கொள்வது இனி என் பொறுப்பு.

அண்ணனிடம் நீ சொல்ல வேண்டியது வேறு. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன் என் உயிரோடு விளையாடிவிட்டானே என்று அவருக்குத் தோன்றும். தோன்றாமல் இருக்காது. கோபப்படட்டும், என்னைத் திட்டட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவரை விட்டால் இவருக்கு வேறு சிநேகிதம் கிடையாது. வேலையும் போய், அண்ணனும் வராமல் போனால் இந்த மனுஷன் நாள் முழுக்க யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

அப்பாவைக் கவனமாகப் பார்த்துக்கொள். உன் மகளுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் ஊர் வந்து சேர வேண்டும். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணனை எங்கள் வீட்டுக்கு அனுப்பு. நான் வெளியே போயிருந்தாலும் கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன். பெல்லை அடித்துவிட்டு, யாரும் திறக்கவில்லை என்று அவர் திரும்பிப் போய்விட வேண்டாம். உள்ளே வந்துவிடச் சொல்.

இப்படிக்கு,
உன் மன்னிப்பை எதிர்பார்க்கும்
எதிர்வீட்டுக்காரி