தேங்காய் எண்ணெய் விட்ட பேரிங்

பேரிங்கின் மூடியைக் குண்டூசியால் நெம்பினேன். குப்பென்று சிக்கு வாடை. காறிப்போன தேங்காய் எண்ணெய், உள்ளே குண்டுகளைச் சுற்றிப் பழுப்பாய் அப்பிக் கிடந்தது. உன் ஸ்கேட்போர்டுதான். இரண்டு வருஷமாக உங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததைப் போன வாரம் உன் தங்கை தூக்கிக்கொண்டு வந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம், அப்படியே உன் நடை. "சக்கரமே சுத்தலக்கா. கிளீன் பண்ணிக் குடு. அப்பாகிட்டயும் நீயே பேசு," என்றாள். உன் அப்பா அவளிடம், "ஒருத்தி கைய ஒடிச்சிக்கினது போதும்," என்று முடித்துவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் தெருவில் காலையில் தறிக்குப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருப்பார்கள், அப்புறம் வண்டிகள். அதனால் நெல் காயப்போடாத நாட்களில் ரைஸ்மில் களத்துக்குப் போவோம். வழுவழு சிமெண்டு. நீ ஓட்டுவதை வாய் பிளந்து பார்ப்பேன். என் முறை வந்தால், "முட்டிய மடக்குடி, கம்பமாட்டம் நிக்காத," என்று உயிரை வாங்குவாய். பேரிங் வேலை மட்டும் என்னுடையது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

அந்த மார்கழியில் மெஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டேன். தலைக்குத் தடவவே பாட்டிலை வெயிலில் வைக்கிற மாசம், அது தெரியாதவளா நான்? சாயந்திரம் விட்டது விடியற்காலைப் பனியில் உறைந்துவிட்டது. நீ ஓடிவந்து ஏறினாய். போர்டு அங்கேயே நின்றது, நீ மட்டும் போனாய். மணிக்கட்டு முறிந்தது.

"கால தப்பா வெச்சிட்டேன் போலடி," என்றாய். அதற்குள் நான் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்திருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. "இருக்கும்," என்றேன். பாவி, அதை மட்டும்தான் சொன்னேன்.

"ஆம்பளப் புள்ளையாட்டம் ஆடிக்கினு இருந்தா வேற என்னா ஆவும்?" என்றது தெரு. உன் அப்பா வாய்க்கு வந்தபடி திட்டிப் போர்டைப் பரணில் போட்டார். கட்டுப் பிரித்த பிறகும் நீ அதைக் கேட்கவேயில்லை. எனக்கு இதெல்லாம் வராதுடி என்று சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். போன ஆவணியில் வந்த காய்ச்சல் மூன்றே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று எட்டு பேரிங்கையும் கழுவி, மெஷின் எண்ணெய் விட்டு மாட்டினேன். விரலால் தட்டினால் சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது. இன்று காலை போர்டோடு உன் வீட்டுக்குப் போனேன். அப்பா தறியில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தறிச் சத்தம் நின்றது.

"அப்போ எம்பொண்ணு சரியாத்தான் ஓட்னாளா?"

"சரியாத்தான் ஓட்னாப்பா. தப்பு என்னுது."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "என்னா பேச்செல்லாம் பேசினேன் அவள... நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார். நாலு அறை விட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

தங்கை ஓட்டுவதற்கு அவர் இன்னும் சரி சொல்லவில்லை. நாளைக்கும் போவேன். அவர் சரி என்று சொல்கிறவரை போய்க்கொண்டே இருப்பேன். தெருவில் வாயைத் திறந்தவர்கள் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய், அவளாக விழவில்லை, நான்தான் விழவைத்தேன் என்று சொல்லத்தான் போகிறேன். இந்த ஊரையே நம்பவைத்துவிடுவேன். ஆனால் நீ, உனக்கு ஓட்ட வராது என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாயேடி.