ஒன்பதாவது பாகத்தில் நாற்பத்தாறு விநாடி

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நலம். முழங்கால் வலியைத் தவிர அப்பாவும் நலம். நான் டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த அதே மாதம் நீ கல்யாணம் செய்துகொண்டு போனாய். ஆறு வருஷமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் இதையெல்லாம் எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. நலம் விசாரித்தாகிவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ‘ஓரத்து ஆட்கள் வட்டம்’ பற்றி உனக்குத் தெரியும். சொன்னபோது சிரித்தாய். சினிமா, மேடை, வானொலி என்று எல்லாவற்றிலும் வந்த அந்தக் கோட்டைக் கதை என்றால் ஊரே இளவரசனையும் இளவரசியையும் கொண்டாடும். நாங்கள் இருபத்தெட்டுப் பேர் மட்டும் அதே கதையில் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டுப் போகிறவர்களைக் கொண்டாடுகிறோம். கூட்டத்தில் யாராவது இளவரசனைப் புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு டீ கிளாஸ் கழுவுவது அவர் வேலை. என் ஆள் பூட்டுக்காரன். இளவரசியை அடைத்துவைத்த அறைக்குப் பூட்டுச் செய்து கொடுத்தவன். சினிமாவில் அவன் இல்லவே இல்லை. மேடை நாடகத்தில் தடுக்கி விழுந்து சிரிக்க வைப்பான், அதோடு சரி. வானொலி நாடகத்தில்தான் ஒன்பதாவது பாகம் முழுக்க அவனுடையது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை ஒலிபரப்பானது. நிலையத்திலேயே பிரதி கிடையாது.

போன வாரம் அந்த ஒன்பதாவது பாகம் ஒரு கேசட்டில் எங்கள் செயலாளருக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நாங்கள் கண்ணாடிக்காரர் என்போம். அனுப்பியவர் பெயர் இல்லை. ஆனால் லேபிளில் 9 என்று எழுதி, கீழே கோணலாக இரட்டைக் கோடு. நம் வீட்டுச் சமையலறை டப்பாக்களில் இன்னும் அதே கோணல் கோடு இருக்கிறது. அனுப்பியது நீதானே?

எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதில் பூட்டுக்காரன் சாவித் துவாரம் வழியாக இளவரசியிடம் பேசுகிறான்: “நான் பூட்டு மட்டுந்தாம்மா செஞ்சேன். கதவு செஞ்சவன் வேற ஆள்.” அக்கா, அது என் வரி. தொலைந்த பாகத்தில் என்ன இருந்திருக்கும் என்று நான்கு வருஷத்துக்கு முன் கற்பனையாக எங்கள் இதழில் எழுதினேனே, அதில் வந்தது. அந்த வரியால்தான் வட்டத்தில் எனக்குக் ‘கதவு’ என்று பெயர். வட்டத்தின் துணிப்பையில் கூட அந்த வரியை அச்சடித்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலேயே பதிவான நாடகத்தில் அது எப்படி வந்தது? யாரோ என் எழுத்தைப் படித்து, நடித்து, பழைய கேசட்டில் ஏற்றியிருக்கிறார்கள். போதாததற்குப் பதினோராவது நிமிடத்தில் நாற்பத்தாறு விநாடி வெறுமை. ஒலிப்பதிவுக் கூடத்தில் கருவி பழுது பார்க்கிறவனிடமே இந்த வேலையா?

22-ஆம் தேதி கூட்டம். அசலா போலியா என்று நான்தான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். போன் செய்யாதே. கோப்பில் வைக்க எழுத்தில் வேண்டும்.

சந்தேகம் தீராத,
தம்பி


பிப்ரவரி 7

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் படித்துக் காட்டினேன். “உன் தம்பி போலீஸ்ல சேந்திருக்கணும்” என்றார். ஆறு வருஷத்தில் நீ எழுதிய முதல் முழுக் கடிதம் இது. திட்டியாவது எழுதினாயே, அதுவே எனக்குப் போதும்.

ஆமாம், நான்தான் அனுப்பினேன். நீ அனுப்பும் இதழை ஒன்று விடாமல் படிக்கிறேன். ‘ஒன்பதாம் பாகம் யாரிடமாவது இருக்கிறதா’ என்று ஒவ்வொரு இதழிலும் கெஞ்சியிருந்தாய். மனசு கேட்கவில்லை. உனக்கு நேராக அனுப்பினால் இப்படித்தான் குறுக்கு விசாரணை செய்வாய் என்று பேர் போடாமல் அவருக்கு அனுப்பினேன்.

அது போலி இல்லை. ரேடியோவுக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து நானே பதிவு செய்தேன். எனக்குப் பதினாலு வயசு, உனக்கு மூன்று. நீ காய்ச்சலில் என் மடியில் கிடந்தாய். அப்புறம் தினமும் அதைப் போட்டால்தான் உனக்குத் தூக்கம். “கதவு போடு, கதவு போடு” என்பாய். ஐந்து வயசு வரைக்கும் அந்த வரியைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாய். அது உன் வரி இல்லை, கண்ணு. உனக்குள்ளே கிடந்திருக்கிறது, பெரியவனானதும் வெளியே வந்திருக்கிறது. இதில் என்ன தப்பு?

நடுவில் சத்தம் இல்லாததற்கு என்ன சொல்வது. பழைய டேப். தேய்ந்திருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு. கடையில் வாங்கியே காலத்தை ஓட்டாதே.

உன் அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

தேயவில்லை. பொய் சொல்வதென்றால் எனக்குத் தெரியாத துறையில் சொல்லு.

தேய்ந்த நாடாவில் ஒலி மங்கும், கரகரக்கும். இப்படிக் கத்தரித்த மாதிரி நிற்காது. அந்த வெறுமையின் இரண்டு முனையிலும் பட்டன் அழுத்திய சத்தம் இருக்கிறது. இடையில் கேட்கும் இரைச்சல் வேறொரு மெஷினுடையது. யாரோ அதன்மேல் வெறுமனே பதிவு ஓட்டி அழித்திருக்கிறார்கள். நாடகம் முழுக்க அப்படியே இருக்க, அதை மட்டும் ஏன்?

என் நிலைமையைப் பார். கேசட் அசல் என்றால் இருபத்தெட்டுப் பேர் முன்னால் நான் அடுத்தவன் வரியை என்னுடையது என்று சொல்லித் திரிந்தவன். போலி என்றால் நீ பித்தலாட்டக்காரி. நம் இரண்டு பேரில் ஒருவர் திருடர். அது நானில்லை என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. அழித்த இடத்தை வைத்தே போலி என்று எழுதிவிடலாம். யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. ஐந்து வயசு வரை தினமும் போட்டாய் என்கிறாய். அப்புறம் ஏன் நிறுத்தினாய்? இத்தனை வருஷம் பூட்டுக்காரன், பூட்டுக்காரன் என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது வாயே திறக்கவில்லையே, ஏன்?

அழித்த மெஷினில் அழிக்கும் முனை சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. அதனால் நாடாவின் மேல் விளிம்பில் மயிரிழை அகலத்துக்குப் பழைய ஒலி மிச்சம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எடுத்துவிடுவேன். நீயே சொல்லிவிட்டால் எனக்கு வேலை மிச்சம்.

தம்பி


பிப்ரவரி 15

தம்பி,

எடுக்காதே.

அழித்தது நான்தான். போன மாதம், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் டேப்ரெக்கார்டர் வாங்கி அழித்தேன். அரைகுறையாக அழியும் என்று எனக்கு எங்கே தெரியும்.

ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்தால் வீடும் சேர்ந்துதான் பதியும். அங்கே இருந்தது வீட்டுச் சத்தம், வேறு ஒன்றுமில்லை. நீ சின்னவனாக இருந்தபோது அந்த இடம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன், அது தாண்டியதும் கூட்டுவேன். உனக்கு அப்போது வார்த்தை புரியாது. ஐந்து வயசில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு “அங்க மட்டும் ஏங்க்கா குறைக்கிற?” என்றாய். அன்றைக்கே எடுத்துத் துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்தேன். கல்யாணமாகி வரும்போது கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

கூட்டத்தில் போலி என்றே சொல்லிவிடு. என் அக்காதான் செய்தாள், விளையாட்டுக்கு என்று சொல்லு. அவர்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு ஒரு குறைச்சலும் வராது. உன் வரி உன்னிடமே இருக்கட்டும், உன் பேரும் இருக்கட்டும். கேசட்டை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பிவிடு. நான் உன்னிடம் எப்போதாவது ஏதாவது கேட்டிருக்கிறேனா? இதைக் கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவோடு நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நாடா மெஷினில்தான் இருந்தது. படித்துவிட்டும் கேட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நாற்பத்தாறில் நாற்பது விநாடி எடுக்க முடிந்தது. பூட்டுக்காரன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் குரலுக்கு மேலே அப்பா குரல். இரண்டு வார்த்தை தெளிவில்லை, மற்றதெல்லாம் தெளிவு. “இவன் வந்தான், அவ போனா. என்னால இவன் மூஞ்சியப் பாக்க முடியல. யாருக்காவது குடுத்துடறேன்.”

என்னைப் பெற்ற அன்றே அம்மா இறந்துபோனது எனக்குத் தெரியும். மூன்று வருஷம் ஆன பிறகும் அப்பா இதைச் சொன்னார் என்பது தெரியாது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் உன் பயம் சரிதான். நான் நிறுத்தவில்லை. அடுத்து ஒரு பெண்பிள்ளைக் குரல், டேப்ரெக்கார்டருக்குப் பக்கத்திலிருந்து. “குடுக்காதீங்கப்பா. நாளையிலேருந்து நான் ஸ்கூலுக்குப் போகல. இவன நான் பாத்துக்கறேன்.” அந்தப் பேச்சு ஆறு விநாடி. பூட்டுக்காரன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறான்.

கணக்கு வராமல்தான் நீ படிப்பை விட்டாய் என்று வீட்டில் சொல்வார்கள். நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன், உன் முகத்துக்கு நேராகவே. நீயும் கூடச் சேர்ந்து சிரிப்பாய்.

சனிக்கிழமை அப்பாவுக்குச் சவரம் செய்தேன். இப்போதெல்லாம் கை நடுங்குவதால் நான்தான் செய்கிறேன். கேட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது கேட்பது நன்றாக இருக்காது, துடைத்த பிறகு கேட்போம் என்றிருந்தேன். துடைத்தேன். “மீசை ஓரம் சரியா இருக்காடா?” என்றார். சரியா இருக்கு என்றேன். அவ்வளவுதான் பேசினோம். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருக்கு என் முகத்தைப் பார்க்காமல் விடியாது, அது எனக்குத் தெரியும். இரண்டும் உண்மை. எதை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நேற்றுக் கூட்டம். நாடகத்தைப் போட்டோம். என் வரி வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முடிந்ததும் எழுந்து, “கேசட் அசல். அந்த வரி என்னுது இல்ல. மூணு வயசுல கேட்டத என்னுதுன்னு நினைச்சுட்டேன்” என்றேன்.

அதே கதையில் வரும் குதிரைக்காரனுக்கு ரசிகையான பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர், “ரெண்டு வருஷமா அந்தப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியறேனேப்பா” என்றார்.

“திரிங்க. நல்ல வரிதானே, எழுதினது யாரா இருந்தா என்ன.”

“அப்ப உன்னை இனிமே எப்படிக் கூப்பிடறது?”

“கூப்பிடாதீங்க.”

கண்ணாடிக்காரர் விடவில்லை. “பதினோராவது நிமிஷத்துல ஏன் ஒண்ணுமே கேக்கல?” என்றார். “பதிவு செஞ்சவங்க அழிச்சிருக்காங்க. நாடகத்துல சேராத வீட்டுப் பேச்சு” என்றேன். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பதிவு செய்தவர் யார் என்று கேட்டார்கள். என் அக்கா, பதினாலு வயசில், என்றேன். கை தட்டினார்கள். இது உனக்குச் சேர வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

நீ ஏன் இந்த வீட்டுக்கு வருவதில்லை என்று இனிமேல் கேட்க மாட்டேன். அப்பா என்னைத் தாங்குவதையும் நான் அவரைத் தாங்குவதையும் உட்கார்ந்து பார்ப்பது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். நீ வர வேண்டாம். வருகிற சனிக்கிழமை நான் வருகிறேன். அத்தானிடம் சொல்லி வை, போலீஸ் வேலையாக வரவில்லை.

கேசட்டை அப்போது கொண்டுவருகிறேன். அப்பா பேசியதை இந்தத் தடவை நானே அழித்தேன், விளிம்பு வரைக்கும், ஒழுங்காக. பழைய பதிவு ஒன்றைக் கைவைத்துக் கெடுத்தேன் என்று தெரிந்தால் வட்டத்தில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. அடுத்த ஆறு விநாடியை மட்டும் வேறு கேசட்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதை உனக்குத் தரமாட்டேன். உன்னிடம் கொடுத்தால் அழித்துவிடுவாய்.

உன் பிள்ளை